சாஸ்திதி: ஒரு வினைச்சொல்லின் பல்வலி

உலக நாகரிகத்துக்கு செர்பிய மக்கள் அளித்த கொடைகளில் தலையாயது ஒரு வினைச்சொல். சாஸ்திதி. தனக்கு நல்லது நடந்தால் பக்கத்தில் இருப்பவர் வயிற்றை நிரப்ப வேண்டும் என்ற மாபெரும் தத்துவத்தை அப்படியே சுருட்டி ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கிறார்கள். வேறு தேசங்களில் பிறந்தநாள் கொண்டாடுகிறவனுக்கு நண்பர்கள் வாங்கித் தருகிறார்களாம். என்ன காட்டுமிராண்டித்தனம். பெல்கிரேடில் பிறந்தநாள்காரன்தான் அத்தனை பேருக்கும் ட்ரீட் வைக்க வேண்டும். பிள்ளை பிறந்தால் ட்ரீட். பரீட்சை தேறினால் ட்ரீட். காய்ச்சல் விட்டால், வாடகைக்கு அறை கிடைத்தால், முடி வெட்டிக்கொண்டால், ட்ரீட்.

'சாஸ்திம்' என்றால் நான் ட்ரீட் வைக்கிறேன். 'சாஸ்திஷ்' என்றால் நீ வைக்கிறாய். வைக்காமல் இந்த அறையை விட்டுப் போகமாட்டாய் என்பதும் அதில் அடக்கம். 'சாஸ்தி' என்றால் அவர் வைக்கிறார். சாஸ்திமோ, சாஸ்திதே, சாஸ்தே: நாம், நீங்கள், அவர்கள். முரண்டு பிடிக்காத, சாதுவான வினை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள்.

இந்தப் புனிதச் சொல்லுக்கு அகராதியில் பொருள் எழுதும் பேறு நெவேனாவுக்கு வாய்த்தது. வயது இருபத்தாறு. ஊர் பிரோத். அப்பா அங்கே டயர் தொழிற்சாலையில் நிரந்தர ஊழியர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் இவள்தான். மகள் தலைநகரத்தில் அகராதி செய்கிறாள் என்று அவர் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மகள் தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கிறாள், அது இந்த மாதக் கடைசியில் முடிகிறது என்பதைத் தெருவுக்குச் சொல்லவில்லை. சாஸ்திதிக்கு அவள் எழுதும் பதிவு கூட்டத்தில் ஏற்கப்பட்டால் அவளை நிரந்தரமாக்குவது 'பரிசீலிக்கப்படும்' என்று இயக்குநர் வாக்களித்திருந்தார். ஏற்கப்படாவிட்டால் பிரோத் பஸ்.

அவள் வேலை பார்த்த பேரகராதி நிலையம் அவள் அப்பா பிறப்பதற்கு முன்பே தொடங்கப்பட்டது. முப்பது எழுத்துகள் உள்ள மொழியில் இருபத்தெட்டாவது எழுத்துக்கு வந்துவிட்டார்கள். இனி இரண்டே எழுத்து என்று தெரிந்ததிலிருந்து வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். அவசரப்பட்டு முடித்துவிட்டால் திங்கட்கிழமை காலையில் எங்கே போவது?

நிலையத்தின் தூண்கள் மூவர். இயக்குநர் டாக்டர் வுகாஷின். தலைமைப் பதிப்பாசிரியர் ஒல்கிட்சா மேடம். எந்தச் சொல்லை எங்கே அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளிக்கும் உச்சரிப்பு நிபுணர் ஸ்ரேதென். மூவருக்கும் ஓர் அபூர்வ ஒற்றுமை உண்டு. எத்தனையோ வருடங்களாக மூவருக்கும் எந்த நல்லதும் நடந்ததில்லை. இவ்வளவு துயரத்தையும் சுமந்துகொண்டு தினமும் வேலைக்கு வந்து, காபி குடித்து, மறுபடி காபி குடித்து, வீடு திரும்பினார்கள் என்றால் அந்த மன உறுதியை என்னவென்று சொல்வது?

நெவேனாவுக்கோ நல்லது நடந்துகொண்டே இருந்தது. ஒப்பந்தம் நீண்டால் அவள் வைக்க வேண்டும். பங்களித்தோர் பட்டியலில் கடைசிப் பெயராக அவள் பெயர் வந்தால் அவள் வைக்க வேண்டும். போன குளிர்காலத்தில் ஒருநாள் புதிய பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். ஒல்கிட்சா மேடத்தின் பார்வை முகத்துக்குப் போகாமல் நேரே காலுக்குப் போயிற்று. இந்த ஊரில் பெண்ணைப் பாசமாகக் கூப்பிட்டாலும் 'மகனே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பூட்ஸ் புதுசா மகனே? அப்ப சாஸ்திஷ்."

"பழசு ஓட்டையாயிடுச்சு மேடம். தண்ணி உள்ள வந்துச்சு."

"அதத்தான் சொல்றேன். ஓட்ட போயி நல்லது வந்திருக்கு. சந்தோஷமான சேதிதான?"

மறுத்துவிடலாம். ஆனால் அவள் பிரோத்காரி. பிரோத்காரர்கள் கஞ்சர்கள் என்பது நாடு முழுவதும் ஒப்புக்கொண்ட உண்மை. அதற்கு யாரும் சான்று கேட்பதில்லை. பிரோத்காரன் யோசிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவான், பார்க்காத நேரத்தில் வீணாகத் தேய்ந்துவிடுமே என்று. இந்த ஜோக்கை ஸ்ரேதென் வாரம் ஒருமுறை சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்ப்பார். அதனால் மற்றவர்கள் ஒரு தட்டு வைத்தால் போதும் என்ற இடத்தில் அவள் மூன்று தட்டு வைப்பாள். ஊரிலிருந்து அப்பா அனுப்பும் மஞ்சள் பாலாடைக்கட்டி, கண்ணாடிப் புட்டியால் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக்கிய காரமான தொத்திறைச்சி, வீட்டில் காய்ச்சிய பிளம் சாராயம் எல்லாம் மேசைக்கு வரும். ஒல்கிட்சா மேடம் இரண்டு துண்டைத் தின்றுவிட்டு, மிச்சத்தை வீணாகாமல் காக்கும் பொறுப்பைத் தன் கைப்பைக்கு ஒப்படைப்பார். "பரவால்லியே, பிரோத்காரி கை திறக்குது" என்று ஸ்ரேதென் வாய் நிறையப் பாராட்டுவார். வாய் உண்மையிலேயே நிறைந்திருக்கும்.

இந்த நேரத்தில்தான் டாக்டர் வுகாஷின் வியன்னாவுக்கு ஒரு பயிலரங்கத்துக்குப் போய், பெட்டி நிறைய ஒட்டுத்தாள்களோடும் 'வாழும் மொழி' என்ற ஞானத்தோடும் திரும்பினார். இனி பழைய புத்தகங்களிலிருந்து எடுத்துக்காட்டு பொறுக்கக் கூடாது. மனிதர்கள் வாயிலிருந்து நேரடியாகப் பிடிக்க வேண்டும். அதுவும் சமூகத்தின் எல்லா 'அடுக்குகளிலும்': தற்காலிக ஊழியர், நிரந்தர ஊழியர், நிர்வாகம். எங்கே பிடிப்பது? தன் பணியிடத்திலேயே பிடிக்கலாம். பஸ் கட்டணம் மிச்சம். இந்தத் திட்டத்துக்கு முன்மாதிரியாக டாக்டரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தார். நம் பண்பாட்டின் இதயம் என்று சொல்லத்தக்க சொல்லாக இருக்க வேண்டும் என்றார். சாஸ்திதி.

வெள்ளிக்கிழமை அமைச்சகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் திட்டம் நீளும், டாக்டர் அடுத்த பயிலரங்கத்துக்கு லிஸ்பன் போவார். சுவரில் மூன்று நிற ஒட்டுத்தாள்கள் ஏறின. தற்காலிக ஊழியருக்கு மஞ்சள். நிரந்தர ஊழியருக்குப் பச்சை. நிர்வாகத்துக்கு ரோஜா நிறம்.

நெவேனா காதைத் தீட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். மஞ்சள் வரிசை சீக்கிரமே நிரம்பி வழிந்தது. 'நான் வைக்கிறேன்' என்று அவள் சொன்னவை, 'நீ வை' என்று அவளிடம் சொன்னவை, 'அவள் வைப்பாள்' என்று அவள் இல்லாத நேரத்தில் சொன்னவை. பச்சையும் ரோஜாவும் காலியாகவே கிடந்தன. முதலில் அவள் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். படித்தவர்கள் நடுவில் தனக்கு எட்டாத ஏதோ ஒரு நாகரிக வழியில் இவர்கள் ட்ரீட் வைத்துக்கொள்கிறார்களோ என்று நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டருக்குப் பல்வலி என்று விடுப்பு. அன்று சாயங்காலம் அப்பா போன் செய்தார்.

"உங்க டைரக்டருக்கு டிவில மெடல் குத்துனாங்களே. ஆபீஸ்ல நல்லா சாப்டியா மகனே?"

"அவருக்குப் பல்வலிப்பா. லீவு."

"பல்வலியா? சிரிச்சுக்கிட்டுல்ல நின்னாரு. அத்தன பல்லும் தெரிஞ்சுது."

நெவேனா போனை வைத்தாள். பிறகு அவளுக்குள் நிறைய ஞாபகங்கள் வரிசையாக எழுந்து நின்றன. ஸ்ரேதென் தினமும் பஸ்ஸில் வருவதாகச் சொல்லிக்கொண்டு காய்கறிச் சந்தைக்குப் பின்னால் ஏன் இறங்கி நடந்து வருகிறார்? அங்கே நின்ற, இன்னும் ஷோரூம் வாசம் போகாத நீலக் காரின் முன் கண்ணாடிக்குள் ஏன் அவருடைய தொப்பி கிடந்தது? ஒல்கிட்சா மேடத்தின் அத்தை இறந்த துக்கம் விசாரிக்கப் போனபோது மேடம் ஏன் அத்தை வீட்டு ஜன்னலில் புதுத் திரைச்சீலைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார்?

புதன்கிழமை கூட்டம். மூன்று தூண்களும் உட்கார்ந்தன. காபி வந்தது. நெவேனா எழுந்து தன் பதிவை வாசித்தாள். பொருள் ஏற்கப்பட்டது. ஆறு வடிவங்களும் ஏற்கப்பட்டன. எங்கே அழுத்த வேண்டும் என்பதில் மட்டும் ஸ்ரேதென் ஒரு காபி முடியும்வரை பேசினார். பிறகு மஞ்சள் வரிசைக்கு வந்தார்கள்.

ஒல்கிட்சா மேடம் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். எடுத்துக்காட்டுகள் அருமைதான், ஆனால் 'நான் வைக்கிறேன்' என்பதெல்லாம் ஒரே ஆள் சொன்னவை என்றார். ஓர் ஆளின் பழக்கம் மொழியின் பழக்கம் ஆகாது; நிலையத்தின் விதி அப்படி; அடித்துவிடலாம் என்றார். ஸ்ரேதென் வழிமொழிந்தார். டாக்டர் அடித்தார்.

அத்தனை பாலாடைக்கட்டியும் தொத்திறைச்சியும், தின்று ஏப்பம் விட்டவர்கள் கையாலேயே, நடக்காதவை ஆயின.

"ஏத்துக்கலையா மேடம்?" என்றாள் நெவேனா.

"சாப்பாட்ட ஏத்துக்கிட்டோம் மகனே. சான்றாத்தான் ஏத்துக்க முடியல."

பிறகு டாக்டர் பச்சையையும் ரோஜாவையும் காட்டி, இது ஏன் காலி என்று கேட்டார். கள ஆய்வில் அலட்சியம் காட்டியிருப்பதாகத் தெரிகிறது, இப்படி இருந்தால் பரிசீலனை எப்படிச் சாத்தியம் என்று வருத்தத்தோடு தலையை ஆட்டினார். நெவேனாவுக்குக் காதுக்குள் பிரோத் பஸ்ஸின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஆனால் குரலை உயர்த்தவில்லை. அகராதிக்காரிக்கு வேண்டிய நிதானத்தோடு சொன்னாள்:

"எடுத்துக்காட்டு கெடைக்கல டாக்டர். கெடச்சிருக்க வேண்டிய சந்தர்ப்பங்கள மட்டும் குறிச்சு வச்சிருக்கேன். ஒண்ணு, ஸ்ரேதென் சார் நீலக் கலர்ல புதுக் கார் வாங்கினப்ப."

இங்கேதான் அந்தச் சொல்லின் மகிமையைப் பார்க்க வேண்டும். செர்பிய மண்ணில் பிறந்த எவராலும் அடுத்தவருக்கு வந்த நல்லதைக் காதால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. தும்மலைப் போல அது வரும். அடக்கினால் மூளைக்கு ஆபத்து. ஒல்கிட்சா மேடம் ஸ்ரேதெனோடு சேர்ந்து இவ்வளவு வருடம் கட்டிக்காத்த, ஒருவர் நல்லதை மற்றவர் கேட்பதில்லை என்ற சொல்லாத ஒப்பந்தம், ஒரு கணத்தில் தும்மலாகப் போயிற்று.

"சாஸ்திஷ்," என்றார் ஸ்ரேதெனைப் பார்த்து. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினார்.

"ரெண்டு, ஒல்கிட்சா மேடத்துக்கு ஜெமூன்ல ஆத்தோரமா அத்தையோட ஃப்ளாட் வந்தப்ப."

"ஃப்ளாட்டா? சாஸ்திஷ்," என்றார் ஸ்ரேதென், மேசையைத் தட்டி.

"மூணு, நேத்து டாக்டருக்கு மெடல் குத்தினப்ப."

"சாஸ்திஷ்," என்றனர் இருவரும் சேர்ந்திசையாக. இயக்குநரை 'நீ' என்று சொல்லிவிட்டோம் என்பதைக்கூட இருவரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைக் கூட்டம் என்று சொல்வது மரியாதைக்காக. கார் வாங்கியது நல்லதே இல்லை என்று ஸ்ரேதென் நிரூபித்தார். அது ஆயில் குடிக்கிறது, மூன்றாவது கியர் முனகுகிறது, அதைப் பார்த்ததிலிருந்து மாமியாரும் கூடவே வருகிறார். ஒல்கிட்சா மேடம் கண் கலங்கினார். "ஜன்னல்ல டான்யூப் தெரியுதுன்னு சொல்றாங்க. டான்யூப் தெரியுதுன்னா என்ன அர்த்தம்? செவுரெல்லாம் ஈரம்னு அர்த்தம்." டாக்டர் தன் கோட்டின் மடிப்பைத் திருப்பிக் காட்டினார். "மெடலாம். தகரம். குத்தின எடத்துல கோட்டு கிழிஞ்சுபோச்சு. எனக்கு நஷ்டம்."

யாருடைய அதிர்ஷ்டம் பெரிய துரதிர்ஷ்டம் என்பதில் மூவரும் கடுமையாகப் போட்டியிட்டார்கள். கடைசியில் மூவரும் வென்றார்கள். யாருக்கும் எந்த நல்லதும் நடக்கவில்லை என்று ஒருமனதாகத் தீர்மானமானது.

ரோஜா காலியாக இருந்தால் நிர்வாகத்துக்கு நேரமில்லை என்று சமாளிக்கலாம். ஆனால் பச்சைத்தாளும் காலியாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை அமைச்சகத்து அம்மாள் வருவார். நம் பண்பாட்டின் இதயம், நிரந்தர ஊழியரிடம் துடிக்கவே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? டாக்டரின் கண் முன்னால் லிஸ்பன் மெல்ல மறைந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு நிரந்தர ஊழியர், ஒரே ஒருமுறை, வாயால் 'சாஸ்திம்' என்று சொல்லி ஒரு தட்டை மேசைமேல் வைத்துவிட்டால் போதும். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மூவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

யோசனை ஸ்ரேதெனுக்குத்தான் உதித்தது. யோசிப்பதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார் என்பதை நெவேனா மட்டும் கவனித்தாள்.

"டாக்டர், இந்தப் பொண்ணு நல்லா ட்ரீட் வப்பா. பழக்கம் இருக்கு. இவளையே நிரந்தரமாக்கிட்டா?"

அறையில் வெளிச்சம் பரவியது. நல்லது நடக்க ஓர் ஆள் இருக்கும்போது தங்களுக்கு ஏன் நல்லது நடக்க வேண்டும்? எத்தனை எளிய தீர்வு. தகுதி, அனுபவம், மொழிப்புலமை ஆகியவற்றைக் கருதி நெவேனாவை நிரந்தரப் பணியில் அமர்த்துவதாக டாக்டர் உடனே கூறி, எழுதி, கையெழுத்திட்டு, அலமாரியைத் திறந்து உருண்டை முத்திரையை எடுத்தார். முத்திரை விழாத எதுவும் இந்த நாட்டில் நடந்ததாகாது. அது பெரிய சத்தத்தோடு விழுந்தது.

நெவேனா தாளை எடுத்தாள். மேலிருந்து கீழாக வாசித்தாள். பெயர் சரியாக இருந்தது. முத்திரையின் மைமேல் வாயால் ஊதி, காயும்வரை காத்திருந்து, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். இதற்குள் ஒல்கிட்சா மேடம் காபிக் கோப்பைகளை ஒதுக்கி மேசையில் இடம் செய்துவிட்டார். அவருடைய கைப்பையும் தயாராக வாய் பிளந்திருந்தது. டாக்டர் பச்சைத்தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார்.

"சாஸ்திஷ்," என்றார்கள் மூவரும், பாசம் பொங்க.

நெவேனா வலது கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"பல்வலி டாக்டர்."

டாக்டர் பேனாவை மூடினார். ஒல்கிட்சா மேடம்தான் மெல்லக் கேட்டார். "திடீர்னு எந்தப் பல்லு மகனே?"

"டாக்டருக்கு வலிச்ச அதே பல்லு."

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்திலிருந்து அப்பாவுக்குப் போன் செய்து சேதியைச் சொன்னாள். மறுமுனையில் தொழிற்சாலையின் இரைச்சல். அதையும் மீறி அப்பா யாரையோ நோக்கிக் கத்தினார். "டேய், மிஷின ஆஃப் பண்ணுங்கடா. எம்பொண்ணுக்கு வேல நிரந்தரம். சாஸ்திம். ஷிஃப்டுக்கே சாஸ்திம். தெருவுக்கும் சாஸ்திம்."

அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு விசித்திரமாக இருந்தது. யாரும் கேட்காமல் அந்தச் சொல்லை ஒருவர் தானாகச் சொல்லி அவள் கேட்பது இந்த ஆய்வில் அதுவே முதல் தடவை. பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து பச்சைத்தாள் ஒன்றை எடுத்து எழுதினாள். நிரந்தர ஊழியர், டயர் தொழிற்சாலை, பிரோத். அடுக்கின்படி எல்லாம் சரியாகவே இருந்தது. அடுக்கைச் சொன்னாரே தவிர, எந்தக் கூரையின் கீழ் என்று டாக்டர் தீர்மானமாகச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை அமைச்சகத்து அம்மாள் வந்தார். சுவரைப் பார்த்தார், பச்சைத்தாளை வாசித்துச் சிரித்தார், திட்டத்தை இரண்டு வருடத்துக்கு நீட்டினார். டாக்டர் லிஸ்பன் போவதும் உறுதி. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மாளும் இந்த மண்ணில் பிறந்தவர்தான் என்பது தெரிந்தது.

"இவ்வளவு நல்ல சேதி. அப்பறம் என்ன? சாஸ்திதே," என்றார் மூவரையும் பார்த்து.

மூன்று கைகள் மூன்று கன்னங்களுக்குப் போயின.

அந்தத் தொகுதி இப்போது அச்சாகிவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் எடுத்துப் பார்க்கலாம். 'நீ வை', 'நீங்கள் வையுங்கள்' என்பவற்றுக்குத் தலைநகரத்திலிருந்து சான்றுகள் பக்கம் கொள்ளாமல் குவிந்திருக்கின்றன. இவ்வளவு வளமான மொழி உலகத்தில் வேறு எங்கும் இல்லை. நிர்வாகம் என்ற இடத்தில் 'வழக்கில் இல்லை' என்று நெவேனா போட்டதை யாரும் அடிக்கவில்லை. அடிக்க வேண்டுமானால் ஒருவர் ட்ரீட் வைக்க வேண்டும். ஸ்ரேதென் இன்றும் வாரம் ஒருமுறை பிரோத்காரர்களின் கஞ்சத்தனத்தைச் சொல்லிச் சிரிக்கிறார், நாடும் கூடவே சிரிக்கிறது. அந்த நாட்டின் பேரகராதியில் 'நான் ட்ரீட் வைக்கிறேன்' என்று ஒரு மனிதன் தானாகச் சொன்னதற்கு இருப்பது ஒரே சான்று. ஊர்: பிரோத்.